காதில் சொல்லும் பாங்கு

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
6 ஆகஸ்டு 1936

அன்புள்ள தம்பி நாசருக்கு, அக்கா ரம்லாவின் சலாம்.

நானும் ஜன்னத்தும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் மச்சானைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருப்பதால் அவரை இந்த வரியில் சேர்க்கவில்லை.

முதலில் நல்ல செய்தி. மாசி மாதவாக்கில் நீ மறுபடியும் மாமன் ஆகப்போகிறாய். ஜன்னத்துக்கு ஏழு வயது நடக்கிறது, அவளுக்குத் துணை வரட்டும் என்று துஆச் செய்.

மச்சானுக்குச் சித்திரையிலிருந்து தொண்டை கட்டியே இருக்கிறது. தகரப் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் புகைதான் காரணம் என்று நினைத்து மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்தேன். போன வாரம் வற்புறுத்தி ஆர்.எஸ்.புரத்து டாக்டர் திருமலைசாமியிடம் கூட்டிப்போனேன். அவர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் வரும் இடத்தில் ஒரு வளர்த்தி இருக்கிறது, உடனே சென்னைக்குப் போய்க் காட்டுங்கள் என்றார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தொழுகைக்கு நேரமாச்சுங்க, நாந்தான் பாங்கு சொல்லோணும்" என்று எழுந்து வந்துவிட்டார். முன்பு அவர் பள்ளிவாசல் மேலேறி நின்று அழைத்தால் உக்கடம் குளத்தங்கரை வரைக்கும் கேட்கும். இப்போது எங்கள் தெருவுக்கே தேய்ந்துதான் வருகிறது. ஆனாலும் வேறு ஆளை விடமாட்டேன் என்கிறார்.

நீ சீமையில் என்ன படிக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "துணி காத்துல ஆடறதப் படிக்கறானாமா? நம்மூட்டுக் கொடியில வந்து பாக்கச் சொல்லு" என்கிறாள் மருத்துவச்சி உம்மல் குல்சும். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

உன் அக்கா
ரம்லா


மான்செஸ்டர்
24 ஆகஸ்டு 1936

அன்புள்ள அக்காவுக்கு நாசரின் சலாம். உன் நல்ல செய்தியை விடுதியில் யாரிடமும் சொல்லத் தமிழ் தெரிந்த ஆள் இல்லாமல் சுவரிடம் சொன்னேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது.

உம்மல் குல்சும் சொன்னது சரிதான். கொடியில் ஆடும் துணியைத்தான் படிக்கிறேன். ஒரு நீளமான பெட்டிக்குள் மெல்லிய ரப்பர் இதழை ஓர் ஓரத்தில் மட்டும் பிடிக்கவைத்துக் காற்றை விடுகிறோம். துளை போட்ட சக்கரத்தைச் சுழற்றி அதன் வழியாகப் பார்த்தால் படபடப்பு மெதுவாகத் தெரியும், பாம்பு நெளிவது போல. காற்று மெதுவாகப் போகிறவரை இதழ் அசையாமல் படுத்திருக்கும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். அந்த எல்லை எது, எந்தக் கனத்துக்கு எந்தத் துடிப்பு என்று முன்கூட்டியே கணக்கில் சொல்ல முடியுமா என்பதுதான் என் வேலை. எல்லைக்குக் கீழே உள்ள பகுதியை வரைபடத்தில் வெறுமையாக விட்டுவிடுவோம். அங்கே படிக்க ஒன்றுமில்லை.

மனிதக் குரலும் இந்த வகைதான் அக்கா. தொண்டைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள். மூச்சு அவற்றைத் துடிக்கவைக்கிறது. அந்த மடிப்பில் வளர்த்தி என்றால் விளையாட்டில்லை. மச்சானை எப்படியாவது சென்னைக்குக் கூட்டிப்போ. அவர் மறுத்தால் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

உன் தம்பி
நாசர்


கோயம்புத்தூர்
20 செப்டம்பர் 1936

அன்புத் தம்பிக்கு சலாம். ஜன்னத் சுகம். எனக்கு மசக்கை விட்டுவிட்டது.

சென்னைக்குப் போய் வந்துவிட்டோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டுமாம். பிறகு கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. வாய் சாப்பிடுவதற்கு மட்டும். எடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு, தள்ளிப்போட்டால் இல்லை என்றார்கள்.

இவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "புள்ள பொறக்கட்டுங்க. அது காதுல பாங்கு சொல்லிப்போட்டு வாரேன்" என்றார். டாக்டர் நம் வழக்கம் தெரியாதவர். பிறந்த பிள்ளையின் வலது காதில் முதன்முதலாக விழ வேண்டியது அந்த அழைப்பு என்று நான் விளக்கினேன். மாசி வரைக்கும் இது காத்திருக்காது அம்மா என்றார் அவர்.

நம் பள்ளியில் தொழவைக்கும் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து, யார் சொன்னாலும் கூடும், நான் சொல்கிறேன், நீ முதலில் உயிரைப் பார் என்று எடுத்துச் சொன்னார். இவர் இணங்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் பிறந்த பையன் ஒரு மணி நேரம்கூட இல்லை. இவர் அன்று தாராபுரம் சந்தைக்கு விளக்கும் வாளியும் கொண்டு போயிருந்தார். திரும்பி வந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டியாகிவிட்டது. அவன் காதில் யார் பாங்கு சொன்னது என்று கேட்டார். அந்தக் களேபரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் சந்தைக்கே போகவில்லை.

அவரைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. எனக்கு இந்தப் பிள்ளையும் வேண்டும், அவரும் வேண்டும். உன் படிப்பில் இதற்கு ஏதாவது வழி இருந்தால் எழுது.

ரம்லா


மான்செஸ்டர்
4 அக்டோபர் 1936

மரியாதைக்குரிய மச்சான் அப்துல் மஜீது அவர்களுக்கு, நாசரின் பணிவான சலாம். தங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

மச்சான், நீங்கள் தகரத்தில் வேலை செய்கிறவர், அதனால் நேராகச் சொல்கிறேன். கழுத்துத் துளையில் பொருந்தும் ஒரு கிண்ணம், அதிலிருந்து வாய்க்கு ஒரு குழல், குழலின் நடுவில் ஒரு ரப்பர் இதழ். நீங்கள் விடும் மூச்சில் இதழ் துடிக்கும். அந்த ஓசை வாய்க்குள் போகும். உதடும் நாக்கும் அதைப் பேச்சாக்கும். இந்த மாதிரிக் கருவிகளை இந்த நாட்டில் முன்னமே செய்திருக்கிறார்கள். குரல்வளை இல்லாத ஒருவர் அதை வைத்து ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

உங்களுக்கு நானே செய்கிறேன். என் பழைய கணக்கு திறந்த காற்றில் ஆடும் இதழுக்குப் போட்டது. குறுகலான குழாய்க்குள் வைத்தால் இரண்டு பக்கச் சுவரும் இதழை நெருக்குவதால் இன்னும் குறைந்த மூச்சிலேயே துடிக்க ஆரம்பிக்கிறது என்று இந்த வாரம் தெரிந்தது. உங்களுக்கு அது நல்லது. சிரமப்பட்டு ஊத வேண்டியிருக்காது.

பிள்ளையின் காதில் நீங்களே பாங்கு சொல்லலாம். தயவுசெய்து இப்போதே அறுவைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

இத்துடன் ஒரு சுருதிக் குழல் அனுப்புகிறேன். ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒவ்வொரு சுருதி வரும். மச்சானின் நல்ல குரல் எந்தத் துளையோடு ஒத்துப்போகும் என்று அக்கா எழுதினால் போதும், இதழை அதற்கேற்ற கனத்தில் வெட்டிவிடுவேன்.

தங்கள் மைத்துனன்
அப்துல் நாசர்


கோயம்புத்தூர்
28 அக்டோபர் 1936

தம்பிக்கு சலாம். எல்லாரும் சுகம் என்று எழுத ஆசை, எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை இவர் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிறகு சாப்பிடும்போது, "உந்தம்பி சொன்னாச் செய்வானா?" என்றார். செய்வான் என்றேன். "அப்படின்னாச் சென்னைக்கு எழுதிப்போடு" என்றார். நோன்பு தொடங்குவதற்கு முன்பே அறுவை. இன்றே புறப்படுகிறோம். ஜன்னத் உம்மல் குல்சுமிடம் இருப்பாள்.

சுருதிக் குழல் வந்தது. இப்போது இவருக்கு வெறும் கரகரப்புத்தான் மிச்சம், ஒப்பிட்டுப் பார்க்கக் குரல் இல்லை. அதனால் தெருவே உதவிக்கு வந்தது. பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லாம் நம் வாசலில் நின்று, ஒவ்வொரு துளையாக ஊதச் சொல்லி, "இதில்லை", "இன்னுங் கொஞ்சம் மேலே" என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஏழாவது துளையை ஊதியதும் தீர்ப்பு ஒன்றாகிவிட்டது. மஜீது பாய் குரல் இதேதான் என்றார்கள். ஜன்னத்கூட ஓடிவந்து பார்த்தாள். இவரும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். ஏழாவது துளை, நினைவில் வை.

இன்று விடியலில் கடைசியாகப் பாங்கு சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் உள்ளே போகாமல் முற்றத்திலேயே நின்று கேட்டார்களாம். இரண்டு இடத்தில் குரல் உடைந்து நின்றது, மறுபடி எடுத்தார். நான் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ரம்லா


மான்செஸ்டர்
25 நவம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்கு சலாம். அறுவை முடிந்திருக்கும். தந்தி வரும் என்று பார்த்திருந்தேன், கடிதமும் இல்லை. செய்தி இல்லாவிட்டால் நல்ல செய்திதான் என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன்.

கருவி இன்று கப்பலில் ஏறுகிறது. ஏழாவது துளையின் சுருதிக்குக் கணக்குப் போட்டு, ஆஸ்பத்திரிக் கையுறையின் ரப்பரை வெட்டினேன். முதல் நான்கு இதழ்கள் சரியாக வரவில்லை. ஐந்தாவதை ஊதியபோது சுருதிக் குழலும் அதுவும் ஒரே ஓசை. எங்கள் பேராசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். கணக்குக்கும் காற்றுக்கும் இவ்வளவு ஒற்றுமை இதுவரை எனக்கு வாய்த்ததில்லை. சந்தோஷத்தில் இரவு தூங்கவில்லை அக்கா.

குழலைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டும். மெதுவாக ஊதிப் பழகட்டும். உடனே ஒரு வரி எழுது.

நாசர்


கோயம்புத்தூர்
20 டிசம்பர் 1936

தம்பிக்கு சலாம். பெருநாள் முடிந்தது. இவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

புண் நன்றாக ஆறிவருகிறது. கழுத்துத் துளையின் மேல் மெல்லிய துணி கட்டியிருக்கிறார். பட்டறைக்குப் போகிறார், புகை வேலையை மட்டும் பங்காளி பார்க்கிறான். வேண்டியதை ஜன்னத்தின் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். இப்போது பாங்கு சொல்வது வேறு ஒருவர். அந்தச் சத்தம் வந்ததும் இவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறார். பெருநாள் தொழுகைக்குப் போகவில்லை. காலில் வலி என்று எழுதிக் காட்டினார்.

எனக்கு வயிறு பெரிதாகிவிட்டது. பார்சல் இன்னும் வரவில்லை.

ரம்லா


கோயம்புத்தூர்
8 ஜனவரி 1937

தம்பிக்கு சலாம். பார்சல் வந்துவிட்டது. உடைசல் இல்லை. நீ செய்தது அழகாக இருக்கிறது, இவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, பற்றவைத்த இடத்தைத் தடவி, சிலேட்டில் "நல்ல வேலை" என்று எழுதினார்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிண்ணத்தைக் கழுத்தில் வைத்து, குழலை வாயில் வைத்து, என்னைப் பார்த்து "தண்ணி குடு" என்றார். பேச்சு வந்தது தம்பி. தெளிவாகவே வந்தது. ஆனால் வந்தது பாங்கு சொல்லும் சுருதி. அதே உயரம், அதே இழுப்பு. எதிர்வீட்டுப் பெரியவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, நேரம் ஆகவில்லையே என்று வானத்தைப் பார்த்தார். ஜன்னத் முதலில் சிரித்தாள், அப்புறம் என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இவர் இன்னொரு முறை முயன்றார். "ரம்லா" என்றார். என் பெயரைத் தொழுகைக்கு அழைப்பதுபோல் அழைத்தார். அவர் குழலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அதோடு சரி, எடுக்கவே இல்லை.

தப்பு உன்மேல் இல்லை. இவர் குரல் எது என்று நீ கேட்டாய், தெருவே கூடி நின்று பாங்கைச் சொன்னோம். எங்களுக்கெல்லாம் இவர் குரல் என்றால் அதுதான். அவருக்கே அதுதான் போலிருக்கிறது.

வீட்டுக்குள் பேசும் குரல் எந்தத் துளை என்று கண்டுபிடித்து உனக்கு எழுதிவிடலாம் என்று நேற்று முழுக்க ஊதி ஊதிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை தம்பி. பத்து வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் பேசுவது குறைவு, நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எப்படி மறந்தேன் என்று நினைத்தால் வெட்கமாகவும் துக்கமாகவும் இருக்கிறது. ஜன்னத்தைக் கேட்டால், "அத்தா குரலா? மேலே இருந்து வருமே" என்கிறாள்.

பிள்ளை பிறப்பதற்குள் வழி பார். பிள்ளை காதில் இனி எப்படிச் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ரம்லா


மான்செஸ்டர்
22 ஜனவரி 1937

அக்காவுக்கு சலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குனிந்து எதையும் தூக்காதே.

நீ என்னை விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கிறாய், ஆனால் என் கணக்கில் மச்சானே இல்லை. ஓர் எண் கையில் கிடைத்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டுக்குள் பேசவா, காதில் சொல்லவா, மேலே நின்று அழைக்கவா என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை. பேராசிரியர் கை கொடுத்தது இப்போது நினைவுக்கு வந்தால் உள்ளே எரிகிறது.

சுருதி தாழ வேண்டுமானால் இதழ் நீளமாக வேண்டும், அல்லது நுனியில் கொஞ்சம் கனம் ஏற வேண்டும். மூன்று விதமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். விமானத் தபாலிலேயே அனுப்புகிறேன். நீ எதையும் நினைவுபடுத்திச் சிரமப்பட வேண்டாம், மச்சானே மூன்றையும் மாட்டிப் பார்த்து எது தன் குரல் என்று சொல்லட்டும். மாசிக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

நாசர்


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
9 பிப்ரவரி 1937

அன்புள்ள மைத்துனர் அப்துல் நாசருக்கு, அப்துல் மஜீது எழுதுவது. சலாம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ரம்லா சுகம். போன சனிக்கிழமை பகலில் ஆண் குழந்தை பிறந்தது. நாள் கணக்குக்கு முன்பே வந்துவிட்டான். சின்ன உடம்பு. ஆனால் அழுகை பலமாக இருக்கிறது, பால் குடிக்கிறான். நீ அனுப்பிய மூன்று இதழ்களும் நேற்றுத்தான் கிடைத்தன.

உம்மல் குல்சும் பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பட்டுங்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று கை காட்டினேன். பெட்டியைத் திறந்து கருவியை எடுத்தேன். அந்தப் பழைய இதழ்தான் இருந்தது. அந்தச் சுருதியில் பச்சைப் பிள்ளையின் காதில் எப்படிச் சொல்வது? பயந்துவிடுவான்.

நீ ஆரம்பத்தில் உன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்திருக்கிறேன். காற்று மெதுவாகப் போனால் இதழ் அசையாது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவோம், அங்கே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். சென்னையில் படுத்திருந்தபோது அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஒரு கையால் கிண்ணத்தைக் கழுத்தில் பிடித்து, குழலை வாயில் வைத்து, மறு கையில் பிள்ளையை வாங்கி, வலது காதருகே குனிந்தேன். இதழ் அசையாத அளவுக்கு மூச்சை அடக்கி விட்டேன். ஓசை இல்லை. காற்று மட்டும் வந்தது. அந்தக் காற்றை உதட்டிலும் நாக்கிலும் வைத்துச் சொன்னேன். நடுவில் ஒரு முறை மூச்சு மிஞ்சி இதழ் முனகிவிட்டது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடித்தேன். பிள்ளையின் காதோர முடி அசைந்ததைப் பார்த்தேன். அதனால் காற்று உள்ளே போயிற்று என்று தெரியும். தாராபுரத்திலிருந்து வந்த அன்று எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. அழுதாலும் எனக்கு இப்போது சத்தம் வருவதில்லை, யாருக்கும் தெரியவில்லை.

புதிய இதழ்களில் நடுவில் உள்ளது எனக்குப் பொருந்துகிறது. இன்று காலை ஜன்னத்தை அழைத்தேன். திரும்பிப் பார்த்து, "என்னங்கத்தா?" என்றாள், வழக்கம்போல. நீ கெட்டிக்காரன். படிப்பை முடித்துவிட்டே வா, பாதியில் வர வேண்டாம். அடுத்த மாதம் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் தள்ளிப்போட்ட நாட்களைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோய் ரம்லாவின் பக்கத்தில் படுக்க வைத்தேன். "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "எனக்கு ஒன்னுமே கேக்கலியே" என்று என் முகத்தையே பார்த்தாள். நான் சிலேட்டைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: "ஜன்னத் காதுல சொன்னப்பவும் எனக்குக் கேக்கலீங்க."

இப்படிக்கு
அப்துல் மஜீது